இயலாமைக் கற்கைக்கு ஒரு தோற்றுவாய்

மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு என்னும் சிறு தீவு ஒன்றுண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தீவிலே தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை அமைக்கப்பெற்றது. அந்நோய் கண்டோரை ஊரிலிருந்து பிரித்து வைப்பதற்கு வழிசெய்த சட்டம் இலங்கையில் 1901ஆம் ஆண்டிலேயே ஆக்கப்பட்டிருந்தது. நோய்க்குத் தக்க மருந்து இல்லாத காலம் அது. தொற்றுக்கு அஞ்சிய சமூகத்துக்கு நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் நல்ல வேலியாகத் தோன்றியது.

பின்னர் மருந்து வந்தது. பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் சிகிச்சை முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் விதந்துரைத்தது. இலங்கை அதனை 1983இல் கைக்கொண்டது. இம்மருந்தை உட்கொள்ளத் தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் நீங்கிவிடும். 6 முதல் 12 மாதங்களுக்குள் சிகிச்சையும் நிறைவெய்தும். 1995இல் இந்நாடு, 10,000 பேருக்கு ஒரு நோயாளர்க்கும் குறைவு என்ற நிலையை அடைந்தது. புதிய நோயாளர் இன்றும் ஆண்டுதோறும் இனங்காணப்படுகின்றனர் எனினும், எவரையும் தீவுக்கு அனுப்பவேண்டிய தேவை மருத்துவத்துக்கு இல்லை.

ஆயினும் நோய் நீங்கியோர் அனைவரும் கரைக்குத் திரும்பிவிடவில்லை. சிலர் முதுமை வரையில் மாந்தீவிலேயே தங்கினர். அவர்களை அங்கே இருத்தியது யாது? கிருமி அன்று; அது முன்னரே மாண்டுவிட்டது. மடங்கிய விரல்களும் அல்ல. விரல் மடங்கியவர் ஊரிலும் வாழலாகும். வீட்டாரின் தயக்கமும், அயலாரின் அச்சமும், வேலை கொடுப்பாரின் மறுப்புமே அவர்களை அங்கே இருத்தின. உடலில் இருந்த நோயை மருத்துவம் தீர்த்தது. கரையில் இருந்த தடையைத் தீர்க்க மருத்துவத்தால் இயலவில்லை.

இவ்விரண்டையும் வேறு பிரித்தறிவதே இன்று ‘இயலாமைக் கற்கை’ என வழங்கும் துறையின் முதற் பாடம். கண் தெரியாமை, செவி கேளாமை, கால் வழங்காமை போன்றவை உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறைபாடுகள். அக்குறைபாடு உடையவரைக் கற்கவிடாமலும், தொழில் செய்யவிடாமலும், ஊர்க்காரியங்களிற் பங்கு கொள்ளவிடாமலும் செய்யும் தடைகளின் விளைவே இயலாமை. முன்னதை ஆராய்வது மருத்துவம். பின்னதை ஆராய்வது இக்கற்கை. ‘இவருக்கு என்ன குறை?’ என்ற வினாவை அது மருத்துவரிடம் விட்டுவிட்டு, ‘இவரை எது தடுக்கிறது? அதை வைத்தவர் யார்? அதை நீக்குவது எங்ஙனம்?’ என்று கேட்கிறது.

இத்துறை பல்கலைக்கழகத்தில் பிறந்ததன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மாந்தீவைப் போலவே மக்களைப் பிரித்து வைத்த இல்லங்களிலேதான் அதன் வேர் உள்ளது. இங்கிலாந்திலே தசை நலிவு நோயுடைய போல் ஹன்ற் என்பவர் அத்தகைய இல்லமொன்றில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர். தம்மைப் போன்றோரின் வாழ்வை அவர்கள் அல்லாத பிறரே தீர்மானித்து வருவதை அவர் கண்டார். 1972ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ‘கார்டியன்’ பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதம், பிரித்து வைக்கப்பட்டோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கக் காரணமாயிற்று. அச்சங்கம் 1976இல் வெளியிட்ட கொள்கை விளக்கமே குறைபாட்டையும் இயலாமையையும் முதன்முதலில் தெளிவாக வேறுபடுத்திக் காட்டியது.

அச்சங்கத்தாருள் ஒருவரான விக் பின்கல்ஸ்தீன், தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டுப் பின் இங்கிலாந்திற் புகலடைந்தவர். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். இங்கிலாந்தின் திறந்த பல்கலைக்கழகம் 1975இல் தொடங்கிய பாடநெறி இத்துறையின் தொடக்க காலப் பாடநெறிகளுள் ஒன்றாகும். அதனை உருவாக்கியோருள் அவரும் ஒருவர். முள்ளந்தண்டு ஊறுபட்ட மைக்கல் ஒலிவர் என்னும் சமூகவியலாளர் 1983இல் இக்கருத்துக்குச் ‘சமூக மாதிரி’ எனப் பெயரிட்டு வளர்த்தார். இங்ஙனம், ஆராயப்பட்டவர்களே ஆராய்வோராக மாறியபோது தோன்றியது இக்கல்வி.

இலங்கையில் குறைபாடுடையோர்க்கான கல்வி பழைமை வாய்ந்தது. மேரி சப்மன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1912இல் நிறுவிய பாடசாலை, செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கு இன்றும் இரத்மலானையிற் கல்வி புகட்டி வருகிறது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956இல் தோன்றியது. மட்டக்களப்பில் விழிப்புலனற்றோருக்குத் ‘தரிசனம்’, செவிப்புலனற்றோருக்கு ‘வாழ்வோசை’ எனப் பாடசாலைகள் உருவாயின. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்திலே இயலாமைக் கற்கைக்கெனத் தனித்துறையே உண்டு. பேச்சு, செவிப்புலன் ஆகியவை சார்ந்த பட்டக்கல்வியை அது வழங்குகிறது.

இவை யாவும் இன்றியமையாதவை. எனினும், குறைபாடுடையோருக்குக் கற்பிப்பது வேறு. இயலாமையைப் பற்றிக் கற்பது வேறு. முன்னது ஒரு பிள்ளைக்குப் பிரெயில் எழுத்தைச் சொல்லிக் கொடுக்கும். பின்னது, அப்பிள்ளை பிரெயில் கற்றுத் தேறிய பின்னும் ஊர் நூலகத்தில் அவனுக்கு வாசிக்க ஒரு நூலும் இல்லாதது ஏன் என்று கேட்கும். முன்னது சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு உரியது. பின்னது வரலாறு, சட்டம், இலக்கியம், பொறியியல், பொருளியல் எனப் பயிலும் ஒவ்வொரு மாணவருக்கும் உரியது.

தமிழில் இதற்கு மூலப்பொருள் இல்லையென எவரும் அஞ்ச வேண்டியதில்லை. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கண்ணின்மை, கூன், குறுமை, ஊமை, செவிடு முதலியவற்றை எண்வகை எச்சங்கள் என எண்ணிக் காட்டுகிறார். பண்டைச் சமூகம் எவ்வெவ் வடிவங்களை முழுமையானவை எனக் கொண்டது, எவற்றை எச்சமென ஒதுக்கியது என்பதற்கு அப்பாட்டு சான்று. மறுபுறம், இரட்டையர் எனப்படும் புலவர் இருவரின் கதையைத் தமிழுலகம் போற்றி வருகிறது. ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார். கண்ணிலார் காலிலாரைத் தோளிற் சுமக்க, காலிலார் வழிகாட்ட, இருவரும் ஊரூராய்ச் சென்று பாடினர் என்பது மரபு. எச்சம் என்ற எண்ணமும், இருவர் ஒருவரை ஒருவர் சார்ந்து சிறந்த வரலாறும் ஒரே இலக்கியத்தில் உள்ளன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும் வகுப்பு, இத்துறைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது எனலாம்.

கற்கத் தொடங்குவோர்க்கு முதற்படி சொல்லாராய்ச்சி. இலங்கைத் தமிழில் அங்கவீனர், ஊனமுற்றோர், வலது குறைந்தோர், விசேட தேவையுடையோர் எனப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. தமிழ்நாட்டில் அரசின் ஆதரவோடு பரவிய ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் இங்கும் வேரூன்றிவிட்டது. ஒவ்வொரு சொல்லும் ஒரு நோக்கைச் சுமந்து வருகிறது. முதற் சொல் உடலைக் குறை கூறுகிறது. இறுதிச் சொல் மரியாதை தருகிறது. ஆனால் வேறொரு திறன் இருந்தாலன்றி மதிப்பில்லை என்ற குறிப்பும் அதில் ஒளிந்துள்ளதோ என வினவலாம். தேவையுடையோர் என்னும்போது, அத்தேவை எவ்வாறு ‘விசேட’மாயிற்று என வினவலாம். தம்மை எவ்வாறு அழைக்க விரும்புகின்றனர் என்பதை உரியவரிடமே கேட்டறிவது இப்பயிற்சியின் முடிவாக அமைதல் நன்று.

இரண்டாம் படி சட்டம். இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உளத் திறனில் உள்ள குறையினால் வாழ்க்கைத் தேவைகளைத் தாமே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவு செய்துகொள்ள இயலாதவரை இயலாமையுடையவர் என வரையறுக்கிறது. 2006ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சமவாயமோ, குறைபாடுகள் பல்வேறு தடைகளோடு சேரும்போதே சமூகத்தில் முழுமையாகப் பங்குகொள்வது தடைப்படுகிறது என்கிறது. இச்சமவாயத்தில் 2007இல் ஒப்பமிட்ட இலங்கை, 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. 20 ஆண்டு இடைவெளியில் வினா இடம் மாறியிருப்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். முதல் வரையறையில் ‘தடை’ என்ற சொல்லுக்கே இடமில்லை.

சட்டம் ஏட்டிலிருந்து வாசற்படிக்கு வருவதற்கு ஒருவர் போராட வேண்டியிருந்தது என்பதும் கற்பிக்கத்தக்கது. பொதுக் கட்டடங்கள் யாவரும் புகத்தக்கனவாக அமைய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. அவை பின்பற்றப்படாமை குறித்து, சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடினார். புதிய பொதுக் கட்டடங்களில் அவ்விதிகள் பேணப்பட வேண்டும் என நீதிமன்றம் 2011இற் கட்டளையிட்டது. பிரதேச செயலகம், வங்கி, தபாலகம் ஆகியவற்றின் வாசலில் நின்று அக்கட்டளையை வாசிக்கும் மாணவருக்குச் சட்டக் கல்வியும் ஊர்க் கல்வியும் ஒருங்கே கிட்டும்.

மூன்றாம் படி எண். 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, இயலாமையுடையோர் நூற்றுக்கு ஏறத்தாழ 1.6 பேர் எனக் காட்டியது. போர் காரணமாக மட்டக்களப்பு உட்பட 7 மாவட்டங்களில் அம்மதிப்பீடு முழுமை பெறவில்லை. 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் நூற்றுக்கு 8.7 பேர், அஃதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், எனக் கணிக்கப்பட்டது. 11 ஆண்டுகளில் தொகை ஐந்து மடங்கானதன்று, வினாவே மாறியது. ‘வீட்டில் இயலாதவர் உளரோ?’ என்று கேட்டால், மணமாகாத பெண்ணின் நலன் கருதியும், ஊரார் வாய்க்கு அஞ்சியும் மறைப்போர் உளர். பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவு கொள்வதில், தம்மைப் பராமரிப்பதில், பிறரோடு தொடர்புகொள்வதில் எவ்வளவு சிரமம் உண்டு என 6 வினாக்களாகக் கேட்கும்போது விடை எளிதாக வரும். எண்ணப்படாதவருக்குத் திட்டத்தில் இடம் கிடைப்பதில்லை. ஆதலால், எண்ணும் முறையும் நீதியோடு தொடர்புடையது.

நான்காம் படி வழி. மட்டக்களப்பு நிலம் வாவியால் எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிந்தது. வைத்தியசாலை, நீதிமன்றம், பெரிய பாடசாலைகள், அலுவலகங்கள் ஆகியவற்றிற் பலவற்றுக்குப் படுவான்கரையார் நீர் கடந்து வரவேண்டியிருந்தது. வாகனங்களையும் மக்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு இப்பகுதியார் இட்ட பெயர் ‘பாதை’. மண்முனையில் 2014இற் பாலம் திறக்கப்படும் வரை பாதையே அங்கு வழியாயிருந்தது. துறைச் சேற்றிற் சக்கர நாற்காலியை உருட்டுவதும், பாதையின் விளிம்பில் ஏற்றுவதும், மறுகரையிற் பேருந்தின் உயர்ந்த படியில் ஏறுவதும் என ஒரு பயணத்தைப் படிபடியாக எழுதச் சொன்னால், மாணவர் இயலாமை எங்கே உண்டாகிறது என்பதைத் தம் கையாலேயே வரைந்துவிடுவர். பாலம் வந்தபின் அவருடைய கால் மாறவில்லை, வழி மாறியது. அதேவேளை, பாலத்துக்கு அப்பால் எத்தனை தடைகள் எஞ்சியுள்ளன என்பதையும் அவ்வரைபடம் காட்டும்.

இதே உண்மையை வாவியின் புகழ்பெற்ற பாடும் மீனும் உணர்த்துகிறது. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் செல்வோர், துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதருகிலும் வைத்து அவ்வோசையைக் கேட்பர். 1848இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற், தோணியின் மரத்திற் காதைப் பொருத்தியபோது ஒலி பெருகியதாக எழுதிவைத்தார். வெறுஞ்செவிக்கு எட்டாத ஒலியை மரம் கொண்டுவந்து சேர்க்கிறது. அவ்விடத்தில் எவரும் தம் செவியைக் குறை கூறுவதில்லை; துடுப்பைத் தேடுகின்றனர். வகுப்பறையிலும் பிள்ளைக்கு ஏற்ற துடுப்பைத் தேடுவதே ஆசிரியர் கடன்.

கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர் அத்தேடலைத் தம் வகுப்பிலேயே ஆரம்பித்தல் தகும். இயலாமையைப் பற்றிய விரிவுரை மாடியில் நடக்க, அதைக் கேட்க வேண்டியவர் படிக்கட்டின் கீழே நிற்பாராயின், அவ்விரிவுரையாற் பயனில்லை. விழிப்புலனற்ற மாணவர் இன்று கணினியும் கைத்தொலைபேசியும் வாசித்துக் காட்டும் குரலின் துணையோடு படிக்கின்றனர். அக்குரல் ஒருங்குறியில் உள்ள தமிழை வாசிக்கும். ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதிய பாடக்குறிப்பையோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே ஒலிக்கும்; படமாக எடுத்த பக்கமாயின், எழுத்தறியும் மென்பொருளின் துணையின்றி அதனால் வாசிக்க இயலாது. குறிப்புகளை ஒருங்குறியில் எழுதுவதற்கு ஆசிரியருக்குச் செலவு ஏதுமில்லை. செவிப்புலனற்ற மாணவர் இருக்கும் வகுப்பில், கரும்பலகையை நோக்கியபடி பேசுவதைத் தவிர்க்கவேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளருக்கு முன்னிடம் ஒதுக்கவேண்டும். சைகைமொழி என்பது பேச்சுத் தமிழைக் கையாற் காட்டும் உத்தியன்று. தனக்கென இலக்கணம் உடைய மொழி.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பதைப் பல வகுப்புகள் பயிற்சியாகக் கொள்கின்றன. இதில் எச்சரிக்கை வேண்டும். கண்ணைக் கட்டிய மாணவர் அறிவது, பார்வை இழந்த முதல் 5 நிமிடத்தின் திகைப்பை மட்டுமே. பல ஆண்டுகளாக வெண்பிரம்போடு சந்தைக்கும் தொழிலுக்கும் சென்று வருபவரின் திறமையை அவர் அறிவதில்லை. பயிற்சி முடிய எஞ்சுவது இரக்கமும், தமக்கு இந்நிலை இல்லையே என்ற ஆறுதலும் ஆகும். அதற்குப் பதிலாக, அத்தகைய ஒருவரை வகுப்புக்கு ஆசிரியராக அழைத்து, ஊரின் வீதிகளை அவர் எவ்வாறு மதிப்பிடுகிறார் எனக் கேட்பது மேலானது. அவருடைய நேரத்துக்கு ஏனைய விரிவுரையாளர்க்குரிய ஊதியமே வழங்கப்படவேண்டும். துன்பக்கதை சொல்பவராக மட்டும் அவரை அழைப்பின், வகுப்பு பழைய மாந்தீவின் மற்றொரு கரையாகிவிடும்.

இவ்வெச்சரிக்கை மட்டக்களப்பிற் கூடுதலாக வேண்டப்படுகிறது. 2009 வரை நீண்ட போரும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையும் இங்கு உடலில் ஊறுபட்டோரையும் உளம் நொந்தோரையும் விட்டுச்சென்றன. காலை இழந்தது எவ்வாறு என்ற கேள்வி, இங்கே வெறும் கேள்வியாக இருப்பதில்லை. அதற்கு விடையளிப்பவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்ற கேள்வியும் அதனுள் அடங்கும். ஆதலால், மாணவர் காரணத்தை வினவாது இன்றைய தடையை வினவப் பழகுதல் வேண்டும். சொல்ல விரும்புவோர் சொல்வர். மௌனம் காப்போரின் மௌனமும் மதிக்கப்படவேண்டும்.

இப்பகுதிக்கே உரிய ஆராய்ச்சிப் பொருள்களும் பல. தாய்வழிக் குடிமரபு நிலவும் இம்மண்ணில், தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது வழக்கம். குறைபாடுடைய மகளுக்கு மணம் கூடாது எனக் குடும்பம் கருதிவிட்டால், அவ்வீடு யாருக்குச் செல்லும்? பெற்றோர் மறைந்தபின் அவள் எந்தக் கூரையின் கீழ் எவ்வுரிமையோடு வாழ்வாள்? வெளிநாட்டு நூல் எதிலும் இதற்கு ஆயத்தமான விடை இராது. கிழக்குப் பல்கலைக்கழக மாணவரோ, காரைதீவு, காத்தான்குடி, கொக்கட்டிச்சோலை ஊர்களின் ஆசிரியரோ தேடிக் காணவேண்டிய விடை அது.

தடைகளை நீக்கினால் எல்லாத் துன்பமும் நீங்கிவிடும் என்றும் கொள்ளலாகாது. நோவும் சோர்வும் உண்மையானவை. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் பிறர் பராமரிப்பு வேண்டும். அப்பராமரிப்பின் பெருஞ்சுமை தாய்மார் தலையிலேயே விழுகிறது. சமூக மாதிரி இவற்றைப் போதிய அளவு பேசவில்லை என்று, குறைபாடுடைய பெண் அறிஞர்கள் பின்னாளிற் சுட்டிக்காட்டினர். மருத்துவத்தைப் பகையாகக் காண்பதும் பிழை. தொழுநோயை முற்கூட்டியே கண்டு மருந்து கொடுத்தால் விரல் மடங்காமலே காக்கலாம். மருத்துவம் தன் கடமையைச் செய்து முடித்த இடத்தில், ஊர் தன் கடமையைத் தொடங்கியதா என்பதே இக்கற்கையின் வினா.

இதனைத் தொடங்குவதற்குப் புதிய பீடமோ பெருநிதியோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர், பத்து மாணவர், ஊரிலிருந்து வரும் குறைபாடுடைய இருவர் என ஒரு சிறு வட்டம் போதும். முதல் வாரம் சொற்களையும், இரண்டாம் வாரம் சட்டத்தையும், மூன்றாம் வாரம் எண்களையும், நான்காம் வாரம் ஊரின் ஒரு வழியையும் ஆராயலாம். ஐந்தாம் வாரம், அவ்வழியிற் கண்ட தடை ஒன்றையாவது நீக்குமாறு உரிய அலுவலகத்துக்கு எழுதலாம். அக்கடிதத்தைத் தடையை அனுபவித்தவரே முன்னின்று எழுதுதல் முறை.

ஊரில் எந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று வகுப்பு கேட்கத் தொடங்கும் நாளிலே இக்கல்வி அவ்வூருக்கு வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாம். ‘அது இயலாத பிள்ளை’ என்ற விடையோடு கேள்வி முடிந்துவிடுமாயின், அப்பிள்ளைக்கு அவ்வீடே மாந்தீவாகும். வாசலிற் சாய்தளம் இல்லை, பேருந்து நிற்பதில்லை, சைகைமொழி அறிந்த ஆசிரியர் இல்லை என்று விடை விரியுமாயின், அவற்றுள் ஒவ்வொன்றையும் ஒருவர் ஒருநாள் செய்து முடிக்கலாம்.